அந்தமானில் கடைசி நாள்: எந்த அருங்காட்சியகத்துக்குப் போகலாம்?

அந்தமானுக்குத் திட்டம் போடும்போது முதல் நான்கு நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஹேவ்லாக் தீவில் எங்கே தங்குவது, ராதாநகர் கடற்கரைக்கு எப்போது போவது, ஸ்கூபா செய்யலாமா, நீல் தீவில் ஒரு இரவு போதுமா என்று எல்லாமே பேசி முடிவாகிவிடும். கடைசி நாளுக்கு மட்டும் ‘போர்ட் பிளேர், ஷாப்பிங்’ என்று ஒரு வரிதான் இருக்கும். டிராவல்ஸ்காரர்கள் அனுப்பும் அட்டவணையிலும் பெரும்பாலும் இதுதான். அந்த வரியை அப்படியே விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தீவுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயங்கள் போர்ட் பிளேரின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். போர்ட் பிளேருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டிலும் பலகையிலும் எந்தப் பெயரைப் பார்த்தாலும் குழம்ப வேண்டாம், ஊர் ஒன்றுதான். சென்னை விமானங்கள் பெரும்பாலும் காலையிலோ மதியத்தை ஒட்டியோ கிளம்பிவிடும். ஹேவ்லாக்கிலிருந்தோ நீலிலிருந்தோ படகில் வந்து அதே நாளில் விமானம் பிடிப்பது ஆபத்தான கணக்கு. கடல் கொஞ்சம் கொந்தளித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள். அதனால் பெரும்பாலானவர்கள் முந்தைய நாளே போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தனியார் படகு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும், அரசுப் படகுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். காலைப் படகில் வந்தால் பதினொன்றரை, பன்னிரண்டு மணிக்கு ஊரில் இருப்போம். ஆக, சுற்றிப் பார்க்கக் கிடைக்கும் கடைசி நாள் என்பது உண்மையில் ஒரு மதியப் பொழுது.

அந்த மதியமும் நம் ஊர் மதியத்தைவிடக் குட்டையானது. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதுதான். டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அருங்காட்சியகங்களும் நான்கரை, ஐந்துக்குள் அடைத்துவிடுவார்கள், சில இடங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் கதவு சாத்தியிருக்கும். ஆக மொத்தம் மூன்று மணி நேரம் கிடைக்கும். இரண்டு இடங்களை ஒழுங்காகப் பார்க்கலாம். மூன்றாவதைச் சேர்த்தால் எதுவுமே மனதில் தங்காது.

கடைசி நாளை முழுதாக வைத்திருப்பவர்களுக்கு டிராவல்ஸ்காரர்கள் பாராடாங் தீவுப் பயணத்தைப் பரிந்துரைப்பார்கள். சுண்ணாம்புக் குகை, சேற்று எரிமலை, அலையாத்திக் காட்டுக்குள் படகு என்று கேட்க நன்றாகவே இருக்கும். விடியும் முன்னே கிளம்பி ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வண்டிகள் கூட்டமாகக் காட்டுச் சாலையில் போக வேண்டும். அந்தச் சாலை ஜாரவா என்ற பழங்குடி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட காட்டின் நடுவே போகிறது. வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது. விதிகள் கடுமையானவைதான். ஆனாலும் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்கள் எதைத் தேடுகின்றன என்பது போய்வந்த எல்லோருக்கும் தெரியும். 2002-லேயே அந்தச் சாலையின் குறிப்பிட்ட பகுதிகளை மூட உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் வீடியோ 2012-ல் வெளியாகி உலகமே தலைகுனிந்தது. சாலை இன்னும் திறந்துதான் இருக்கிறது. குகை எவ்வளவு அழகாக இருந்தாலும், மனிதர்களைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக்கொண்டு போகும் ஒரு பயணத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அதற்கு நகருக்குள்ளேயே சரியான இடம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செல்லுலார் ஜெயிலை முதலில் பேசிவிட வேண்டும், ஏனென்றால் அந்தமான் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது அதுதான். 1857 கிளர்ச்சி அடங்கிய பிறகு, 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு முதல் கப்பல் இங்கே வந்தது. அப்போது சிறைக் கட்டிடமே கிடையாது, தீவே சிறைதான். இப்போது நாம் பார்க்கும் கட்டிடத்தை 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுவில் ஒரு காவல் கோபுரம், அதிலிருந்து ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று அடுக்கு, ஏறக்குறைய 700 தனி அறைகள். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருக்கும்படி கட்டியிருக்கிறார்கள். எதிரே இன்னொரு மனிதனின் முகம் தெரியக் கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு. ஏழில் மூன்று சிறகுகள்தான் மிஞ்சியிருக்கின்றன. இடித்த இடத்தில் கோவிந்த வல்லப பந்த் பெயரில் ஒரு மருத்துவமனை இயங்குகிறது. 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அங்கே போனால் கோபுரத்துக்கும் தூக்கு மேடைக்கும் ஓடும் முன் ஏதாவது ஒரு அறைக் கதவின் முன்னால் நின்று அதன் தாழ்ப்பாளைப் பாருங்கள். அது கதவோடு முடிவதில்லை. நீண்ட இரும்புக் கம்பி கதவைத் தாண்டி, வெளிச்சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய்ச் சேர்கிறது. பூட்டு அந்த மாடத்துக்குள் தொங்கும். உள்ளே இருப்பவர் கம்பிகளுக்கு நடுவே கையை எவ்வளவு நீட்டினாலும் அது எட்டாது. உள்ளே வெளிச்சம் வருவது ஆள் உயரத்துக்கு வெகு மேலே இருக்கும் ஒரு சின்னத் திறப்பு வழியாகத்தான். கீழே முற்றத்துக் கொட்டகையில் செக்கு இருக்கிறது. ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுத்தார்கள், அளவு குறைந்தால் அடி. 1933 உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாக உணவைச் செலுத்தப் பார்த்ததில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் இறந்தார்கள். 1937-ல் மறுபடியும் பெரிய உண்ணாவிரதம் நடந்த பிறகுதான் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

பிரிட்டிஷார் போனதோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை தீவுகளைப் பிடித்தது. உளவாளிகள் என்று சந்தேகித்து உள்ளூர்க்காரர்களை இதே சிறையில் அடைத்து வதைத்தார்கள். ஊரே மதித்த டாக்டர் திவான் சிங் 1944 ஜனவரியில் இங்கேதான் உயிர்விட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்னால், 1943 டிசம்பர் 30 அன்று, நேதாஜி இதே ஊரில் தேசியக் கொடியை ஏற்றியிருந்தார். சுதந்திரக் கொடி பறந்த ஊரில் சிறைக்குள் அலறல் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிப் பாடத்தில் இந்தப் பகுதி வருவதில்லை.

இவ்வளவு முக்கியமான இடம் என்றால் கடைசி நாளில் இதற்குத்தானே போக வேண்டும்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செல்லுலார் ஜெயில் முதல் நாளுக்கானது. வந்து இறங்கிய மதியமே போய்விடுவது நல்லது. காரணம், இன்றைய அந்தமானின் நகரங்களும் கிராமங்களும் எப்படி வந்தன என்பதை அங்கே தொடங்கினால்தான் புரியும். ஆட்டோக்காரர் தன்னை ‘லோக்கல் பார்ன்’ என்று சொல்லிக்கொண்டால், அவர் பெரும்பாலும் அந்தக் கைதிகளின் வழிவந்தவர் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளிக் குடும்பங்கள் நிறைந்திருப்பதற்குப் பிரிவினை காரணம், அகதிகளாக வந்தவர்களை அங்கே குடியேற்றினார்கள். தமிழர்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்து நிலைத்தவர்கள். அபர்டீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசிச் சாமான் வாங்கலாம். நிக்கோபாரில் இருக்கும் கட்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களையும் குடியேற்றியிருக்கிறார்கள். இந்த மனிதர்களோடுதான் அடுத்த நான்கு நாட்கள் பழகப் போகிறோம். அப்புறம், மாலையில் சிறை முற்றத்தில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சிக்கும் முதல் நாள்தான் வசதி. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுவும் பெரும்பாலும் இந்தியில்தான் இருக்கும். இந்தி புரியாத பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் பகலில் நல்ல வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு சுற்றுவதே மேல்.

முதல் நாள் ஏதோ காரணத்தால் ஜெயிலைப் பார்க்க முடியாமல் போயிருந்தால் விவாதமே வேண்டாம். கடைசி மதியம் முழுக்க அதற்குத்தான்.

ஜெயிலை ஏற்கனவே பார்த்தவர்களுக்கு இரண்டு அருங்காட்சியகங்கள் நிஜமான போட்டியில் இருக்கின்றன. ஒன்று கடற்படை நடத்தும் சமுத்ரிகா. இன்னொன்று இந்திய மானிடவியல் ஆய்வகம் நடத்தும் மானிடவியல் அருங்காட்சியகம்.

சமுத்ரிகாவின் வாசலிலேயே பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடி முடிப்பதற்கே கொஞ்ச நேரம் ஆகும். உள்ளே தீவுகளின் வரலாறு, நிலவியல், மக்கள், தொல்லியல், கடல்வாழ் உயிர்கள் என்று பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். சங்கும் சிப்பியும் பவளமும் வரிசை வரிசையாக இருக்கும். கடலில் ஸ்நார்க்லிங் செய்தபோது அவசரத்தில் பார்த்துவிட்டு வந்ததை இங்கே நிதானமாகப் பெயரோடு பார்க்கலாம். ‘நாம நீல்ல பார்த்தது இதுதான்’ என்று பிள்ளைகள் கைகாட்டும்போது அந்த இடம் பிழைத்துவிடுகிறது. நன்றாகப் பராமரிக்கிறார்கள், ஒரு மணி நேரம் போதும். ஆனால் ஒரு குறை உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லும் இடம் அது. பெரியவர்கள் வெளியே வரும்போது புதிதாக எதையும் யோசிக்க வைக்காது.

மானிடவியல் அருங்காட்சியகம் வேறு மாதிரி. ஃபீனிக்ஸ் பே பகுதியில், மிடில் பாயின்டுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண அரசு அலுவலகம் போலத் தெரியும் கட்டிடம். 1970-களின் நடுவில் தொடங்கியது. பளபளப்பு எதுவும் கிடையாது, பழைய மரக் கண்ணாடிப் பெட்டிகளும் மங்கிய புகைப்படங்களும் தான். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அதனாலேயே இன்ஸ்டாகிராமில் இந்த இடம் கண்ணில் படுவதில்லை, அட்டவணைகளிலும் விட்டுப்போகிறது. கடைசி நாளுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினல் மக்கள், நிக்கோபாரியர், ஷாம்பென் என்று இந்தத் தீவுகளின் பழங்குடிகள் ஒவ்வொருவரின் கைப்பொருட்களும் அங்கே இருக்கின்றன. வில், அம்பு, கூடை, படகு மாதிரிகள், குடிசை மாதிரிகள். ஜாரவா ஆண்கள் மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் மரப்பட்டைக் கவசத்தின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அகலமான பட்டை, உடம்போடு இறுக்கமாகச் சுற்றிக் கட்டுவது. கைகள் வில்லைப் பிடித்திருக்கும்போது கத்தியையோ அம்பையோ அதில் செருகிக்கொள்வார்கள். மார்புக்குக் காப்பு, கருவிக்கு உறை, இரண்டும் ஒன்றில். தேன் சேர்க்கும் வாளியை ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்கிறார்கள், எங்கும் ஒட்டு கிடையாது. மலைத்தேனீயை விரட்ட ஒரு செடியின் இலையை மென்று அதன் சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, வாயாலும் ஊதித் தேனெடுக்கும் அறிவு இவர்களுடையது. அம்பு முனைகளில் இரும்பு இருப்பதைப் பார்த்து இது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். பவளப்பாறையில் மோதி உடைந்த கப்பல்கள்தான் அவர்களுக்கு இரும்புச் சுரங்கம். 1981-ல் வட சென்டினல் தீவில் தரைதட்டிய பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

வட சென்டினலுக்கு யாரும் போகக் கூடாது, அது சட்டம். இந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் பல வருடங்கள் கடற்கரையில் தேங்காய்களை விட்டுவிட்டு வருவார்கள். அந்தத் தீவில் தென்னை இல்லை. 1991 ஜனவரி 4 அன்று, முதல்முறையாக சென்டினல் மக்கள் அம்பு எய்யாமல் தண்ணீருக்குள் இறங்கி வந்து தேங்காய்களை வாங்கிக்கொண்டார்கள். அந்தக் குழுவில் மதுமாலா சட்டோபாத்யாய் என்ற பெண் ஆய்வாளர் இருந்தார். பிறகு அரசே இந்தப் பயணங்களை நிறுத்திவிட்டது. நெருங்கினால் நம் நோய்கள் அவர்களைக் கொல்லும் என்பதற்கு அதே கட்டிடத்தில் சாட்சி இருக்கிறது. கிரேட் அந்தமானியர் பகுதியில் நிற்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள். 1858-ல் பிரிட்டிஷார் வந்தபோது அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1877-ல் தட்டம்மை பரவியது, வேறு தொற்றுகளும் சேர்ந்துகொண்டன. 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். இப்போது சில டஜன் பேர். போ என்ற மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் இறந்தார். தன் மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் அவர் பல வருடங்கள் வாழ்ந்திருக்கிறார்.

1859-ல் கிரேட் அந்தமானியர் பிரிட்டிஷ் முகாமைத் தாக்கினார்கள். அபர்டீன் போர் என்று அதற்குப் பெயர். துப்பாக்கிக்கு எதிரே வில்லும் அம்பும். தப்பி ஓடி அவர்களோடு காட்டில் வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால் பிரிட்டிஷார் தயாராக இருந்தார்கள். நீர் விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. ராஸ் தீவுப் படகுக்கு ஓடும் கூட்டத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. செல்லுலார் ஜெயிலில் நம் தேசத்தின் கதையைக் கேட்டு நெஞ்சு கனத்து வெளியே வருகிறோம். அந்தச் சிறை நிற்கும் நிலம் அதற்கு முன் யாருடையது என்ற கேள்விக்கு மானிடவியல் அருங்காட்சியகத்தில்தான் பதில் கிடைக்கிறது. முதல் நாள் ஜெயில், கடைசி நாள் இது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நான்கு நாட்கள் அந்தக் காட்டையும் கடலையும் பார்த்த பிறகு போனால்தான் பெட்டிக்குள் இருக்கும் பொருள் பேசும். பிரம்பையும் தாழையையும் பவளத்திட்டையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருப்போம். முதல் நாளே போனால் வெறும் கூடையும் குச்சியும்தான் தெரியும்.

நிக்கோபார் பகுதி இன்னொரு பெரிய காரணம். சுற்றுலா என்று நிக்கோபார் தீவுகளுக்கு நாம் போக முடியாது, தனி அனுமதி வேண்டும், சுற்றுலாவுக்கு அது கிடைக்காது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வருவது அந்தத் தீவுகள்தான். ஆயிரம் வருடம் முன்பு தமிழ்க் கல்வெட்டில் பெயர் வந்த இடத்தை இன்று நாம் பார்க்கக்கூடியது இந்த அருங்காட்சியகத்தின் கூடத்தில் மட்டும்தான். தூண்கள் மேல் நிற்கும், தேன்கூடு மாதிரி உருண்டையாக வேய்ந்த குடிசையின் மாதிரி இருக்கிறது. ஏணி வைத்து ஏறித்தான் உள்ளே போக வேண்டும். கெட்ட ஆவிகளை விரட்ட வீட்டுக்குள் வைக்கும் மர உருவங்கள் இருக்கின்றன, அவற்றின் கண்களை மறப்பது கஷ்டம். ஹோடி என்று சொல்லும் பக்கத்துணை வைத்த படகும் உண்டு. நாம் பூவுக்காக மட்டும் தேடும் தாழையின் பழத்தை அவர்கள் வேகவைத்து, நாரை எடுத்து, மாவாக்கி உணவாகச் சாப்பிடுகிறார்கள்.

2004 சுனாமி நிக்கோபாரைச் சிதைத்தது. சிறிய அந்தமானில் டூகாங் கிரீக்கில் இருந்த ஓங்கே மக்களோ, கடல் உள்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்கு ஓடித் தப்பித்துவிட்டார்கள். எந்தக் கருவியும் சொல்லாததை அவர்களின் முன்னோர் சொல்லி வைத்திருந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஓங்கேகளின் வலையையும் கூடையையும் பார்ப்பதற்கும், தெரியாமல் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இந்த அருங்காட்சியகத்திலும் குறைகள் உண்டு. விளக்கப் பலகைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் சுருக்கமாக இருக்கும். சில புகைப்படங்கள் மனிதர்களை ஆராய்ச்சிப் பொருளாகப் பார்த்த காலத்தில் எடுத்தவை, அதைப் பார்க்கும்போது சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் வருவதும் நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் இருபது நிமிஷத்தில் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களோடு போகிறவர்கள் சமுத்ரிகாவை முதலில் முடித்துவிட்டு, குடும்பத்தில் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர் இங்கே வரலாம். இரண்டுக்கும் இடையே ஆட்டோவில் சில நிமிஷங்கள்தான். படகு ஃபீனிக்ஸ் பேயில் வந்து நின்றால் மானிடவியல் பக்கம், ஹேடோவில் நின்றால் சமுத்ரிகா பக்கம். பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டுச் சாப்பிட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பினால் இரண்டையும் பதற்றமில்லாமல் பார்க்கலாம்.

சாத்தம் மர ஆலையைப் பற்றியும் கேட்பார்கள். 1883-ல் தொடங்கிய அரசு ஆலை, ஒரு சிறு தீவே ஆலையாக இருக்கிறது, பாலத்தில் நடந்தே போகலாம். படாக் மரத்தின் சிவப்பையும் வரியையும் பார்க்க வேண்டும் என்றால் அங்கே இருக்கும் வன அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1942-ல் ஜப்பானியக் குண்டு விழுந்த பள்ளத்தையும் காட்டுவார்கள். தச்சு வேலை தெரிந்த மாமாவோ தாத்தாவோ கூட வந்திருந்தால் தயங்காமல் அழைத்துப் போங்கள், அவர் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார். மற்றவர்களுக்கு இது மூன்றாவது தேர்வுதான். ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாது. மீன்வளத் துறையின் காட்சியகம் சின்னது, நீர் விளையாட்டு வளாகத்துக்குப் போகும் வழியில் நேரம் மீந்தால் எட்டிப் பார்க்கலாம்.

ராஸ் தீவு அருங்காட்சியகம் இல்லை. ஆனால் கடைசி மதியத்தை அதற்குக் கொடுக்கலாமா என்று பலர் யோசிப்பதால் சொல்கிறேன். 1941 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையிடம், இப்போது நேதாஜி பெயரில் இருக்கிறது. தேவாலயச் சுவர்களை ஆலமர வேர்கள் கவ்விப் பிடித்திருப்பதைப் பார்க்கவே போகலாம். மானும் மயிலும் பக்கத்தில் வரும். ஆனால் படகு நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும், வெயிலில் ஏற்றம் ஏற வேண்டும், புதன்கிழமை அடைப்பு. செல்லுலார் ஜெயில் பார்க்கும் முதல் நாளின் காலையோ மறுநாள் காலையோ அதற்குப் பொருத்தமாக இருக்கும். காலையில் கைதிகளைக் கொண்டு கட்டிய மாளிகைகளின் இடிபாடு, பிற்பகலில் அந்தக் கைதிகளின் அறைகள் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். மழை நாளென்றால் ராஸை யோசிக்கவே வேண்டாம், கூரைக்குக் கீழே இருக்கும் அருங்காட்சியகங்கள்தான் துணை.

முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கும் மானிடவியல் அருங்காட்சியகமே வசதி. ஜெயிலில் மாடி ஏறாமல் கீழே உள்ள காட்சிக்கூடங்களையும் செக்கையும் தூக்கு மேடையையும் பார்க்கலாம் என்றாலும் வளாகம் பெரியது, நடக்க வேண்டும்.

உங்கள் கடைசி நாள் திங்கள்கிழமை என்றால் பயணத்தையே ஒரு நாள் முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று டிக்கெட் போடும்போதே பாருங்கள். இந்த ஊரில் அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை பெரும்பாலும் திங்கள்தான், அரசு விடுமுறை நாட்களிலும் அடைப்பு. நேரமும் விடுமுறையும் அவ்வப்போது மாறுவதால் முந்தைய மாலை ஓட்டலில் சொல்லி விசாரித்துவிடுங்கள். நகர்த்த முடியவில்லை என்றால் முதல் நாளிலேயே ஜெயிலோடு மானிடவியலையும் சேர்த்துவிட்டு, திங்களை ராஸுக்கும் சாத்தமுக்கும் விட்டுவிடலாம். நான் சொன்ன வரிசை கெடும், ஆனால் பார்க்காமல் திரும்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

ஷாப்பிங்கை விட்டுவிடச் சொல்லவில்லை. அரசின் சாகரிகா விற்பனை நிலையம் மிடில் பாயின்டில்தான் இருக்கிறது, மானிடவியலிலிருந்து வெளியே வந்தால் பக்கம். அருங்காட்சியகங்கள் அடைத்த பிறகும் அபர்டீன் பஜார் இரவு வரை விழித்திருக்கும், அதனால் கடைகளை மாலைக்குத் தள்ளுங்கள். சங்கு, சிப்பிப் பொருட்கள் வாங்கினால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள், அனுமதி தேவைப்படும் வகையா என்று கடையிலேயே கேளுங்கள். கடற்கரையில் பொறுக்கிய பவளத்துண்டையும் சிப்பியையும் பிள்ளைகளின் பைகளிலிருந்து முந்தைய இரவே எடுத்துவிடுங்கள். விமான நிலையச் சோதனையில் அவற்றைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் இனமாக இருந்தால் வழக்கும் வரலாம்.